மாசானம் கடைக் கறி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் மாசானம் கடையில் ஆட்டுக்கறி வாங்கித் தின்ற அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றுகொண்டே தூங்கினார்கள். பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் கண் மூட மறுத்தது. எழுந்து சுவரோரம் நின்றதும் சொக்கியது. தனியாக நின்றால் போதவில்லை என்று ஒருவர் விலாவில் ஒருவர் சாய்ந்து, முகவாயை அடுத்தவர் முதுகில் வைத்து, குடும்பம் குடும்பமாக நெருக்கிக்கொண்டு குறட்டை விட்டார்கள். ஒற்றை அறைக் கோலியில் எட்டுப் பேரும் பத்துப் பேருமாக இருந்த காலம் அது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கிய வீடுகளுக்கு இது ஒரு வசதியாகவே பட்டது. ஆகவே முதல் வாரம் யாரும் புகார் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் ஆட்டம் தொடங்கியது. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இடது பக்கம் சாய்ந்தார்கள், பிறகு வலது பக்கம் சாய்ந்தார்கள். சந்து முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தது. திடீரென்று எல்லோரும் முன்னால் குப்புற விழப் போய் நிமிர்ந்தார்கள். பிரேக் போட்ட மாதிரி இருந்தது என்று, லாரியில் போய்ப் பழகிய ஒருவர் சொன்னார். மூன்றாம் வாரம் இதோடு கழுத்தும் சேர்ந்துகொண்டது. கறி தின்றவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. மாமியார் பின்னால் நிற்கிற வீடுகளில் மட்டும் இதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்பட்டது.

நான்காம் வாரம்தான் தாகம் வந்தது. அதுவரை வேடிக்கையாக இருந்த விஷயம் அன்றோடு வினையாகிவிட்டது. அந்த வருஷம் ஏரிகளில் தண்ணீர் குறைவு என்று சொல்லிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் விட்டார்கள். அரைக்கிலோ கறி வாங்கிய வீடு அன்று மாலைக்குள் நாலைந்து குடத்தைக் காலி செய்தது. குடித்தவர்களுக்கு வயிறு உப்பியதே தவிர நாக்கு நனையவில்லை. குழாயடியில் கறி தின்ற வீட்டுக்கு ஒரு வரிசை, தின்னாத வீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். தின்ற வீட்டார் தின்னாத வரிசையில் வந்து நின்று, பாதியில் பின்னால் திரும்பிப் பார்த்து அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.

சிலர் மாகிமுக்கு நடந்து போய் அங்கே கறி வாங்கித் தின்று பார்த்தார்கள். அந்தக் கறி சும்மா இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரன் நெஞ்செலும்பு கேட்டால் கழுத்தைப் போடுவான். மாசானம் கேட்ட இடத்தைக் கேட்டபடி வெட்டித் தருவான். மனிதனுடைய நாக்கு எதையும் பொறுத்துக்கொள்ளும், கழுத்துக்கறியைப் பொறுத்துக்கொள்ளாது. திரும்பவும் இங்கேயே வந்தார்கள்.

மாசானம் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். பம்பாய்க்கு வந்து தோல் பதனிடும் கொட்டகையில் கொஞ்சநாள் குப்பை கொட்டிவிட்டு, பிறகு இந்தக் கடையைப் போட்டான். கறி வெட்டப் புளியமர முட்டி ஒன்று, கொக்கிகள், ஒரு தராசு, பின்கட்டில் ஆடுகளைக் கட்டவும் அறுக்கவும் ஒரு முற்றம், இவ்வளவுதான் கடை. அவனுக்குக் கறி ஆகாது. நாள் முழுக்க அந்த வாடையில் நிற்கிறவனுக்கு வீட்டுக்குப் போனால் ரசமும் சுட்ட அப்பளமும் போதும். அதனால் ஊரே ஆடியபோது அவன் ஆடாமல் நின்றான். ஊருக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அவன் முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை.

அவனுக்குக் கைராசிக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. அது கடையில் வந்த பெயர் அல்ல, கோயிலில் வந்தது. திருநெல்வேலிச் சீமை ஆட்கள் எங்கே பிழைக்கப் போனாலும் சுடலைமாடனையும் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். தாராவியிலும் தோல் கொட்டகைகளுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே சுடலை நின்றார். சித்திரையில் கொடைத் திருவிழா. கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, கிடாவுக்கும் சம்மதம். உதறாத கிடாவை வெட்டக்கூடாது. மற்றவர்கள் கொண்டுவந்த கிடாக்கள் உதறாமல் நின்று மானத்தை வாங்கியதுண்டு. லாரியில் வந்து இறங்கிய ஆடுகள் தெளித்த தண்ணீரை உதறாமல் மூக்கைச் சுற்றி நாக்கை நீட்டி நக்கின. மாசானத்தின் கிடா மட்டும் தெளித்த மாத்திரத்தில் உதறும். கைராசிதான், சந்தேகமில்லை. தெளிக்கிற சாக்கில் சுண்டுவிரலால் காதுக்குள் இரண்டு சொட்டு விடுகிற கை அது. காதுக்குள் தண்ணீர் போனால் கிடா என்ன, கலெக்டரே உதறுவார். மற்ற ஆடுகள் ஏன் நக்குகின்றன என்று அவன் யோசித்ததில்லை. அது வேறு யாருடைய வேலையோ என்று இருந்துவிட்டான்.

கடையின் பின்கட்டில் ஹபீபா இருந்தாள். மேலப்பாளையத்துக்காரி. புருஷன் போன பிறகு மாசானத்திடம் குடல், தலை, கால் வாங்கிச் சுத்தம் செய்து விற்றுத் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டவள். வாய் கொஞ்சம் கூடுதல். தாகம் வந்த வாரம் அவள் கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு முன்னால் வந்தாள்.

"மாசானண்ணே, நீங்க தொடையைத்தான் பாக்கிய. நான் இரைப்பையைப் பாக்கேன். கைய விட்டா காயிதமும் கயித்துத் துண்டும் வருது, சொட்டு ஈரமில்ல. தோல உரிச்சா விலாவெல்லாம் நீலம் கட்டிக் கெடக்கு. லாரிக்காரன் தண்ணி காட்டுதானான்னு ஒரு நாளாவது கேட்டியளா?"

"ஆடு சாவத்தானே வருது ஹபீபா."

"நீங்களும் நானும் மட்டும் எங்க போறோம்? அதுக்காவத் தண்ணி குடிக்காமயா இருக்கோம்?"

மாசானம் பதில் வராதபோது ஆண்பிள்ளைகள் செய்வதைச் செய்தான். தராசைத் துடைத்தான்.

குழாயடி மண்டைகளை முன்னிட்டு ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஈயைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், தரையில் கிடந்த ஈரலைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். சுண்ணாம்பு அடி, கம்பி வலை போடு என்று சொன்னார். கறியில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். மாசானத்தின் மனைவி பூமாரி, வந்தவரைப் பட்டினியாக அனுப்பக்கூடாது என்று குழம்பும் சோறும் போட்டாள். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினார். பம்பாய் பஸ்ஸில் அதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. கறியில் குறை எதுவும் இல்லை என்று பின்னால் தெரிவித்தார். கறியில் குறை இல்லைதான்.

பங்குனி பிறந்ததும் கணேசபாண்டியன் வந்தார். மளிகைக்கடைக்காரர், கொடைக் கமிட்டித் தலைவர், நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்ல வரும்போது கையில் வாழைப்பழச் சீப்போடு வருவார். மாசானம் சீப்பைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தான்.

"இங்கேரு மாசானம், கொடையன்னைக்கு ஊரே பந்தியில உக்காரும். அத்தன பேருக்கும் ஒண்ணா தாகம் எடுத்தா இந்த தாராவியில தண்ணி ஏது? வெட்டுக்குத்துல போய் நிக்கும். இந்த வருசம் கெடாவ மாகிம்ல சொல்லிக்கிடுதோம். மனசுல வச்சுக்கிடாத."

"அண்ணாச்சி, இந்தக் கோயிலுக்கு மொத கெடா கொண்டாந்தவன் நான்."

"அதாம்வே எனக்கும் சங்கடமா இருக்கு."

கொடைக்குக் கிடா கொடுக்கும் பாத்தியதை போனால் போவது வெறும் கிடா அல்ல. சாமிக்கு ஆகாத கறியை மனிதன் வாங்கமாட்டான். ஒரு மாதத்தில் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மாசானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்தான். ஊர் பொறாமையால் கதை கட்டுகிறது, கறி எங்கேயாவது லாரி ஓட்டுமா என்று பூமாரியிடம் பொருமினான். பூமாரி சரியான பெண்பிள்ளை. எதிர்த்துப் பேசவில்லை. அடுப்பை மூட்டினாள், அன்று விற்றது போக மிஞ்சிய கறியை வறுத்தாள், சோற்றோடு கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "ஊர் சொல்லுதது பொய்னா தின்னு காட்டுங்க," என்றாள்.

மாசானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தின்றான், இரண்டு வாய் தின்றான், மூன்றாவது வாய்க்குக் கை எழவில்லை. சுற்றிலும் கால்களாக இருந்தன. படுக்க முடியவில்லை, தரை முழுக்கக் கால்கள். வளைவில் எல்லா உடம்பும் ஒன்றாகச் சேர்ந்து அவன் விலாவை நசுக்கின. காலுக்கடியில் ஒன்று விழுந்துவிட்டது, அதன் மேல்தான் நிற்க வேண்டியிருந்தது, அது முதலில் முனகியது, பிறகு முனகவில்லை. வெயில் ஏறியது. நாக்கு மரப்பட்டையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு பின்னங்காலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள், முதுகு கல்லில் தேய்ந்தது. பிறகு ஒரு முற்றம், முன்னால் நின்ற ஆட்டின் சத்தம் பாதியில் நின்றது, அதன் ரத்தம் குளம்புக்கு அடியில் வந்தது. கல்லில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டதும் மாசானம் "ஐயோ" என்று அலறினான். அந்தக் கல்லையும் கத்தியையும் அவனுக்குத் தெரியும். காலையில் வெற்றிலை போட்டுக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி அவன் தீட்டுகிற சத்தம்தான் அது. இந்தப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை.

வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்தான். பக்கத்து வீட்டுக் குடத்தையும் கேட்டு வாங்கிக் குடித்தான். அழுதான். பயத்தால் அழுததாகப் பூமாரி நினைத்தாள். பயம் போய்விட்டிருந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. தன் முற்றத்தில் தன் கண் முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்ள, தன் வாயில் போட்டுப் பார்க்கவேண்டியிருந்ததே என்ற வெட்கம்.

ஆடுகளைக் கொண்டுவந்த லாரி நாணுவுடையது. நாணு மலையாளி, ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தான். நாசிக் பக்கத்துச் சந்தையில் ஏற்றி, கசாரா மலை இறங்கி, தாணா வழியாக மான்குர்த்தில் ஒரு பட்டியில் இறக்குவான். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும், பாதி ஆடுதான் ஏற்ற வேண்டும், கால்களைக் கட்டக் கூடாது என்று மாசானம் போய்ச் சொன்னபோது அவன் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தான். "அரே மாசானண்ணே, இது சாமான் ஏத்துந்ந மால்காடியல்லே? பர்ஸ்ட் கிளாஸ் டப்பா இல்லா. ஆட்டுக்கு டிக்கெட் எடுத்து வா, ஞான் ஜன்னல் சீட் கொடுக்காம்!" மாசானம் வாக்குவாதம் செய்யவில்லை. பூமாரியின் யுக்தியையே பின்பற்றி, ஒரு தூக்குச்சட்டி நிறையக் கறிக்குழம்பை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். நாணு ரசித்துத் தின்றான். தின்ற பிறகு, தான் ஓட்டிய லாரியில், தன் முதுகுக்குப் பின்னால், தானே ஏறிப் போனான். கசாரா வளைவுகளில் தன் ஓட்டுதலுக்குத் தானே வாந்தியெடுத்த டிரைவர் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். மறுநாள் முகம் வெளுத்து வந்து நின்றான். "அண்ணே, ஞான் இப்படியோ ஓட்டுந்நது?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு அந்த லாரியில் மணலும் வைக்கோலும் பரப்பினார்கள். நடுவில் மூங்கில் தடுப்பு வைத்துக் குட்டிகளையும் கிடாக்களையும் பிரித்தார்கள். ஆடு படுக்க இடம் இருக்கும்வரைதான் ஏற்றினார்கள். மலை இறங்கும் முன் ஒரு தடவை, இறங்கிய பின் ஒரு தடவை வண்டியை நிறுத்தித் தகரத் தொட்டியில் தண்ணீர் காட்டினார்கள். நாணு வளைவுகளில் மணப்பெண்ணை ஏற்றிப் போகிறவன்போல ஓட்டினான். மற்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டியதற்கு, ஒரு நாள் எங்களோடு சாப்பிட வாருங்கள் என்று பதில் சொன்னான். கடையிலும் வேலை நடந்தது. வந்த அன்றே எந்த ஆட்டையும் அறுக்கவில்லை, ஓர் இரவு தின்று குடித்துப் படுத்து எழுந்த பிறகுதான். முற்றத்தின் குறுக்கே சாக்குத் தடுப்பு வந்தது. ஒரு ஆடு போவதை மற்ற ஆடு பார்க்கக்கூடாது, ஒன்றின் ரத்தத்தைக் கழுவாமல் அடுத்ததைக் கொண்டுவரக்கூடாது. கத்தியை வீட்டிலேயே தீட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தான். உரித்த உடம்பு தரையைத் தொடாமல் கொக்கிக்குப் போனது. முட்டியை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்தார்கள். கடைக்குள் வெற்றிலை கூடாது என்று ஹபீபா சட்டம் போட்டாள், முதலில் பிடிபட்டவன் மாசானம்தான். ஈக்கள் ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்து பார்த்தன. பிறகு மனம் வெறுத்து அடுத்த தெருவில் வெல்லக் கடைக்குக் குடிபோயின.

கிலோவுக்கு எட்டணா ஏறியது. சந்து முணுமுணுத்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாய்வு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வாரம் தாகம் ஒரு செம்புக்குள் அடங்கியது. பிறகு எல்லோரும் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார்கள். இடம் போதவில்லை என்று மறுபடி சண்டை வந்தது. சாப்பிட்ட பின் அரைமணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து எதையோ நினைத்தபடி தாடையை இடமும் வலமும் அசைத்து அசைபோடும் பழக்கம் மட்டும் எல்லோருக்கும் தங்கிவிட்டது. அது ஆரோக்கியம்தான் என்றார்கள். மாதுங்காவில் அபயாம்பாள் மாமியின் பிள்ளை, ஆபீஸ் சிநேகிதனின் தாராவி வீட்டில் ரகசியமாகத் தின்றுவிட்டு வந்து, ஆசார வீட்டின் நடுக்கூடத்தில் அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்து அகப்பட்டதும் அந்த நாட்களில்தான். அதற்கு முந்தின வாரங்களில் அவன் பீரோவில் சாய்ந்து நின்று தூங்கியதற்கும், தவலைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்ததற்கும் மாமிக்கு அன்றுதான் காரணம் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் ஓய்ந்த பிறகு, "திங்கறதுதான் திங்கறே, தண்ணி குடிச்ச ஆடான்னு அப்பவே கேட்டுண்டு தின்னிருக்கப்படாதா?" என்றாள்.

கணேசபாண்டியன் மறுபடி சீப்போடு வந்தார். இந்த முறை நல்ல செய்தி, ஆனாலும் ஒரு கொக்கியோடு. கிடா மாசானமே கொண்டுவரட்டும். பந்தியில் முதல் கவளத்தை ஊர் பார்க்க அவனே தின்ன வேண்டும். ஒரு செம்புக்கு மேல் தண்ணீர் கேட்டால், அடுத்த வருஷம் முதல் மாகிம்தான். மாசானம் சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

கொடையன்று சுடலைக்கு முன்னால் முதல் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாசானம் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, சுண்டுவிரலை நம்பாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மேளம் நின்றது. இந்த வருஷத்தோடு எல்லாம் போயிற்று என்று நினைத்தான். கிடா உதறியது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்த ஆடு, மேலே விழுந்ததை எதற்கு நக்கப் போகிறது? கொம்பு முதல் வால் வரை உதறிய உதறலில் கணேசபாண்டியனின் சலவை வேட்டி மஞ்சளாயிற்று. அவர் அதைப் பிரசாதம்போல ஏற்றுக்கொண்டார். இரண்டாவது கிடாவும் உதறியது. மூன்றாவது கிடா உதறவில்லை. நக்கவும் இல்லை. அசைபோட்டபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. திரும்பத் திரும்பத் தெளித்துப் பார்த்தார்கள், அது கண்ணை மட்டும் சிமிட்டியது. சம்மதமில்லாத ஆடு எப்படி இருக்கும் என்று அந்தச் சந்து அன்றுதான் பார்த்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அது பிற்பாடு கணேசபாண்டியனின் கடை வாசலில் நிரந்தரமாகக் குடியேறி, உளுந்து மூட்டைகளை ஓட்டை போட்டு, நெடுநாள் வாழ்ந்தது. சாமி விட்ட ஆடு என்பதால் அவரால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

பந்தியில் மாசானம் முதல் இலையில் உட்கார்ந்தான். ஊர் சுற்றி நின்றது. முதல் கவளத்தை வாயில் வைத்தான். லாரி இல்லை. தாகம் இல்லை. கருவேல இலையின் துவர்ப்பு இருந்தது, மணலில் படுத்த வெதுவெதுப்பு இருந்தது. ஒரு வாளி இருந்தது, அதில் குளிர்ந்த தண்ணீர். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், வாளிக்கு மேலே ஒரு முகம். நாலு நாள் தாடி, கடைவாயில் வெற்றிலைக் கறை, இடது புருவத்தில் தழும்பு. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான். ஆனால் கீழே இருந்து, ஒரு சந்தேகமும் இல்லாமல் அண்ணாந்து பார்க்கப்பட்ட முகம். பயந்த ஆடு யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அதற்கு நேரம் இருப்பதில்லை. பயம் போன ஆடு பார்க்கிறது. யார் தண்ணீர் வைத்தார்கள், யார் கழுத்தைத் தடவினார்கள், யார் கூட்டிப் போனார்கள் என்று எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறது.

மாசானம் தண்ணீரே கேட்கவில்லை. ஊர் ஆரவாரம் செய்து பந்தியில் உட்கார்ந்தது. எல்லோரும் முதல் கவளத்தை வாயில் வைத்தார்கள். உடனே பந்தி அடங்கியது. வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்து அவன் பக்கம் திரும்பின.  பிறகு ஒருவர் குழம்பு கேட்டார். பந்தி பழையபடி நடந்தது.

பாத்தியதை நிலைத்துவிட்டது. ஆனால் மறுநாள் மாசானம் கடையைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஹபீபா வந்து பார்த்தாள், திட்டினாள், பலிக்கவில்லை. பூமாரி தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"பாத்தா பாத்துட்டுப் போவுது. தண்ணி குடுத்த மூஞ்சிதான அது?"

"தண்ணி குடுத்த மூஞ்சியும் அதாம்ட்டீ. வெட்டுன மூஞ்சியும் அதான்."

 பூமாரிக்கும் அந்த முகம் தெரிந்திருந்தது, அவளும் பந்தியில் சாப்பிட்டவள்தான். ஆனாலும் சொன்னாள். "கடையப் பூட்டுனா ஊரு கறி திங்காம இருக்கப் போவுதா? வேற எவனாவது வெட்டுவான். அவன் மூஞ்சி தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டுக்கும் தெரியாது, திங்கவனுக்கும் தெரியாது." நிறுத்தி, இன்னொன்றும் சொன்னாள். "தாடிய மட்டும் மழிச்சிட்டுப் போங்க. பாக்க சகிக்கல."

அந்த வாரம் மாசானம் கடையைத் திறந்தான். அன்று தொட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் சவரம் செய்துகொண்டான், தலையைப் படிய வாரினான். வெற்றிலையை விட்டான். வாளியைத் தன் கையாலேயே வைத்தான். அந்த வேலையை யார் கேட்டும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாராவியின் அந்தப் பகுதியில் முதல் கவளத்துக்கும் இரண்டாவது கவளத்துக்கும் நடுவே ஒரு சின்ன அமைதி விழுவது வழக்கமாயிற்று. வீடுகளில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துவார்கள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். கறிக்கடைப் பக்கமே போகாத பெண்கள் அவனை ரேஷன் கடையில் அடையாளம் கண்டு இடம் விட்டார்கள். மாசானண்ணனுக்கு இந்த வாரம் உடம்பு சரியில்லை போலிருக்கிறதே என்று கவளத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்து விசாரித்து ஆள் அனுப்பியவர்களும் உண்டு. கத்தி முனை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. துணிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

அறுபத்தொன்பதில் செம்பூரில் ஒரு கல்யாணம். மறுவீட்டு விருந்துக்கு மாசானம் கடையில்தான் கறி சொல்லியிருந்தார்கள். ஒரு சட்டி குறைகிறது என்று செய்தி வர, அவனே பையோடு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், பந்தலின் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றான். வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர் இருந்தார், பெண்வீட்டுப் பக்கம், முதல்நாள்தான் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கியவர். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். நிமிர்ந்தவர் வாசலில் நின்றவனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மறுபடியும் வாசலைப் பார்த்தார். மாசானத்துக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. பெரியவர் தன் இலையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, பாயில் தள்ளி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"வாங்க, உக்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பிய?"

மாசானம் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பை ஊற்றினார்கள். அவனும் சாப்பிட்டான்.